ஊற்றைக் காட்டியவரும் தீராத நோயும்

சிங்கப்பூர் ஓஃபிர் சாலையில் 1888ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற லூர்து அன்னை ஆலயம், அந்நகரில் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென எழுந்த முதல் ஆலயமாகும். பிரான்சு நாட்டு லூர்து நகரப் பேராலயத்தை முன்மாதிரியாகக் கொண்டு அது கட்டப்பட்டது. கிள்ளானிலும் அப்பெயர் தாங்கிய ஆலயம் உண்டு. வீட்டில் நோயுற்றுக் கிடப்போரை நினைந்து மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்வோர் இவ்வாலயங்களில் பலர். சமயம் வேறாயினும் நம்பிக்கையோடு வருவோரும் அவருள் உண்டு.

ஆயினும், லூர்து என்னும் பெயர் உலகெங்கும் பரவக் காரணமாயிருந்த பெண்மணி வாழ்நாள் முழுவதும் பிணியோடு போராடி, 35 வயதில் நோயாளியாகவே இறந்தார் என்பதை அறிந்தோர் சிலரே. நோய் தீர்ந்தோர் வரலாறாகவே சொல்லப்பட்டு வரும் லூர்தின் கதை, நோய் தீராதோர் வரலாறும் ஆகும். அதன் முதற்பக்கம் அப்பெண்மணிக்கு உரியது.

மாவாலைக்காரர் மகள்

பிரான்சின் தென்மேற்கே, பிரனீசு மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் லூர்து. அங்கே மாவாலை நடத்திவந்த பிரான்சுவா சுபிரு என்பாரின் மூத்த மகளாக, 1844ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 7ஆம் நாள் பெர்னதெத் பிறந்தாள். ஆலைத் தொழில் நொடித்தது. குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. 1855ஆம் ஆண்டில் அவ்வூரைத் தாக்கிய வாந்திபேதி சிறுமியையும் பற்றியது. உயிர் தப்பினாள், ஆனால் உடல் தேறவில்லை. ஆஸ்துமா என்னும் ஈளை நோய் அவளை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. கைதிகளை வைப்பதற்கும் தகாதெனக் கைவிடப்பட்ட பழைய சிறைக்கூடத்தின் ஒற்றை அறையே 1858ஆம் ஆண்டில் அக்குடும்பத்தின் இல்லம்.

அவ்வாண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள், தங்கையோடும் தோழியோடும் சுள்ளி பொறுக்கச் சென்ற பெர்னதெத், மசபியேல் என்னும் குகையருகே ஒரு பெண்ணுருவைக் கண்டதாகக் கூறினாள். அப்போது அவளுக்கு வயது 14. எழுதப் படிக்க அறியாதவள். ஜூலைத் திங்கள் 16ஆம் நாள் வரையில் 18 முறை அக்காட்சியைக் கண்டதாக அவள் சொன்னாள். பிப்ரவரி 25ஆம் நாள் குகைத் தரையை அவள் கையால் தோண்டியபோது சேற்றுநீர் கசிந்தது. அதனை அள்ளிக் குடித்து, முகமெல்லாம் சேறு படிந்து நின்ற சிறுமியைக் கண்டு கூடியிருந்தோர் எள்ளி நகைத்தனர். ஆனால் கசிவு தெளிந்து ஊற்றாயிற்று. நோயாளிகள் அதனை நாடி வரலாயினர்.

இங்கு இரு செய்திகளை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஊற்று வெளிப்பட்ட சில திங்களுக்குள், அந்த மே மாதத்திலேயே, பெர்னதெத் தன் இருமல் தணிவதற்காகக் கோத்தெரே என்னும் மலையூரின் வெந்நீரூற்றுகளுக்கு அனுப்பப்பட்டாள். தான் காட்டிய ஊற்றின் கரையில் வாழ்ந்தவள் மற்றோர் ஊற்றை நாட வேண்டியதாயிற்று. ஆகஸ்டுத் திங்களில், துலூசு நகர வேதியியல் பேராசிரியர் பியோல் அந்நீரை ஆய்ந்து, மலைப்பகுதியில் கிடைக்கும் பிற குடிநீரைப் போன்றதே அது என்றும், மருந்துத் தன்மை ஏதும் அதில் இல்லை என்றும் அறிவித்தார்.

வேறொரு செய்தியும் உண்டு. பிப்ரவரி 18ஆம் நாள் கண்ட காட்சியில், இவ்வுலகில் அன்று, மறுவுலகிலேயே இன்பம் தருவதாகத் தனக்கு வாக்களிக்கப்பட்டது என்று பெர்னதெத் கூறியிருந்தாள். அவள் கூறிய செய்திகள் எவற்றிலும் அவளுடைய ஈளை நீங்கும் என்ற உறுதிமொழி இல்லை.

வந்தவரும் சென்றவரும்

ஆயர் லொரான்சு அமைத்த குழு ஏறத்தாழ நான்காண்டு ஆய்ந்தது. 1862ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் ஆயர் அக்காட்சிகளை ஏற்று அறிக்கை வெளியிட்டார்; அதில் ஏழு குணமாதல்கள் ஏற்கப்பட்டன. 1866ஆம் ஆண்டில் லூர்துக்கு இருப்புப்பாதை வந்தது. புகைவண்டி நோயாளிகளைக் கொணரத் தொடங்கிய அதே ஆண்டில், பெர்னதெத் அவ்வூரை விட்டு நீங்கி, தொலைவிலுள்ள நெவேர் நகரக் கன்னியர் மடத்தை அடைந்தார். பின்னர் அவர் லூர்துக்குத் திரும்பவேயில்லை.

மடத்தில் அவருக்கு வாய்த்த பணி நோயாளிகள் அறையில் உதவுவது. மருந்து கொடுத்தார், படுக்கை விரித்தார், இரவில் கண்விழித்தார். சில ஆண்டுகளில் அவ்வறையின் நோயாளிகளுள் ஒருவராகவே ஆனார். ஈளையோடு காசநோயும் சேர்ந்தது. அது வலது முழங்காலின் எலும்பைப் பற்றிப் பெருவலி தந்தது. நோயாளியாக இருப்பதே தமக்கு வாய்த்த வேலை என்று அவர் கூறியதாக மடத்தார் நினைவுகூர்ந்தனர். பெருக்கி முடித்த துடைப்பத்தைக் கதவின் பின்னே வைப்பதுபோல், தம் பணி முடிந்ததும் தாம் ஒதுக்கி வைக்கப்பட்டதாகவும், அதில் தமக்கு வருத்தமில்லை என்றும் அவர் சொன்னதுண்டு. 1879ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். 1933ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

கணக்கு காட்டும் உண்மை

அவர் மறைந்த நான்கு ஆண்டுகளில், 1883இல், லூர்தில் மருத்துவ ஆய்வு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. குணமடைந்ததாகக் கூறுவோரை மருத்துவர்கள் அங்கே ஆராய்வர். சமய நம்பிக்கை உடையவரும் இல்லாதவரும் ஆகிய மருத்துவர் எவரும் அவ்வாய்வில் கலந்துகொள்ளலாம். நோய் கடுமையானதாக இருத்தல் வேண்டும். தானே தணியும் இயல்பினதாக இருத்தல் ஆகாது. மருத்துவத்தால் தீர்ந்தது என்று சொல்ல இடமிருத்தல் கூடாது. குணம் திடீரென நிகழ்ந்து, முழுமையாக நிலைத்திருத்தல் வேண்டும். இவை பதினெட்டாம் நூற்றாண்டில் லம்பர்தீனி என்பார் வகுத்த நெறிகளைப் பின்பற்றியவை. அவரே பின்னர்ப் பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்னும் பெயருடன் போப்பாண்டவரானார். மருத்துவர் கூறக்கூடியது, இக்குணம் இன்றைய அறிவால் விளக்க இயலாதது என்பது மட்டுமே. அற்புதம் என்று அறிவிப்பது ஆயரின் பொறுப்பு.

அங்கே பதிவான குணமாதல்கள் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவை. 2018ஆம் ஆண்டு வரையில் அற்புதமெனத் திருச்சபை ஏற்றவை 70. பதிவானவற்றுள்ளும் நூற்றுக்கு ஒன்றளவே தேறியது. வந்து சென்றோரோ பல இலட்சம் நோயாளிகள். ஆகவே, லூர்துக்குச் சென்ற நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் சென்ற நோயோடேயே வீடு திரும்பினர் என்பதே அந்நிலையத்தின் ஏடுகள் கூறும் உண்மை. அதனை அந்நகரம் மறைத்ததில்லை.

இதனைக் கண்டு ஐயுற்றோரும் உண்டு, தடுமாறியோரும் உண்டு. எமில் சோலா 1892ஆம் ஆண்டில் லூர்துக்குச் சென்று, நோயாளிகளோடு பழகி, 1894இல் அந்நகரின் பெயராலேயே ஒரு புதினம் வெளியிட்டார். அற்புதத்தை அவர் ஏற்கவில்லை. ஆனால் புகைவண்டியில் துன்புற்று வந்த ஏழை நோயாளிகளை இகழவும் இல்லை. லியோன் நகர இளம் மருத்துவர் அலெக்சி கரேல் 1902இல் அங்கே சென்றபோது, சாகும் நிலையில் இருந்த ஒரு பெண் தம் கண்முன்னே தேறக் கண்டார். 1912இல் நோபல் பரிசு பெற்ற அவர், அதன் பொருள் யாது என்று நெடுங்காலம் சிந்தித்தார். அந்நிகழ்ச்சியோ திருச்சபை ஏற்ற அற்புதங்களின் வரிசையில் இடம்பெறவில்லை.

தீராதோர்க்கு அமைந்த இடம்

அவ்வாறாயின், குணமடையாத அத்தனை பேரும் ஏன் மீண்டும் மீண்டும் வந்தனர்? 1873ஆம் ஆண்டு முதல் பிரான்சு நாடு தழுவிய திருப்பயணம் ஆண்டுதோறும் நடைபெறலாயிற்று; விரைவில் நோயாளிகளே அதன் நடுவிடம் பெற்றனர். அவர்களைத் தாங்கிச் செல்ல 1885இல் தொண்டர் அமைப்பு ஒன்று தோன்றியது. ஊதியமின்றித் தத்தம் செலவில் வந்தோர், புகைவண்டியிலிருந்து நோயாளிகளை இறக்கினர், உணவூட்டினர், ஏறத்தாழ 12 பாகை வெப்பமே உடைய குளிர்நீரில் கைத்தாங்கலாக நீராட்டினர். செல்வரும் ஏழையின் தூக்குக் கட்டிலைச் சுமந்தனர். பவனிகளில் நோயாளிகளுக்கே சிறப்பிடம். ஊரில் ஒதுக்கி வைக்கப்பட்டவர் அங்கே முன்வைக்கப்பட்டார். இக்காட்சிக்கு விளக்கம் தேட வேண்டுவதில்லை. குணம் கிட்டாதவர்க்கும் கிட்டியது இது.

வேண்டுதல் பலிக்காத இடத்தில் நோயாளியை இருமுறை வருத்தும் சொல் ஒன்று உண்டு. உன் நம்பிக்கை போதாது, அதனால்தான் நோய் தீரவில்லை என்பதே அது. எல்லாச் சமயத்தாரும் அதனைச் சொல்லக் கேட்கலாம். நோயின் சுமையோடு குற்றத்தின் சுமையையும் ஏற்றும் கொடுஞ்சொல் அது. பெர்னதெத்தின் வரலாறு அச்சொல்லுக்கு இடமளிப்பதில்லை. நம்பிக்கையின் அளவே நலத்தின் அளவென்றால், முதலில் குணமடைந்திருக்க வேண்டியவர் அவரே. அவர் குணமடையவில்லை, அவர் நம்பிக்கையில் குறை கண்டாரும் இலர்.

நோய் தீராமையால் வேண்டுதல் வீண் என்பாரும், வேண்டியும் தீராமையால் வேண்டியவரே பிழையுடையார் என்பாரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். இருவருமே வேண்டுதலைக் கொடுத்துப் பெறும் வாணிகமாகக் கணக்கிடுகின்றனர். பெர்னதெத் அக்கணக்கை எழுதவில்லை. தம் மூச்சுத் திணறிய நாட்களிலும் அடுத்த கட்டிலில் இருந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

ஓஃபிர் சாலை ஆலயம் 2005ஆம் ஆண்டில் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் கட்டடச் சிறப்பை மாணவர்க்குக் கூறும் ஆசிரியர், நெவேர் மடத்தின் நோயாளிகள் அறையையும் உடன் கூறுதல் நலம். நோயாளியின் கட்டிலருகே செல்வோர் அவருடைய நம்பிக்கையை அளந்து பார்க்க வேண்டுவதில்லை. அவர் கேட்கும் தண்ணீரைக் கொடுத்து, சிறிது நேரம் உடன் அமர்ந்திருந்தால் அதுவே போதும்.