முதலையும் பிராவ்தாவும்

குழந்தை எதற்காக வாசிக்க வேண்டும்? அறிவுக்கு, ஒழுக்கத்துக்கு, நாட்டுக்கு என்று பெரியவர்கள் காரணம் கற்பித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். காரணமே வேண்டியதில்லை, சந்தோஷம் போதும் என்று சொன்ன ஒருவர் அதற்குக் கொடுத்த விலையை ஸோவியத் ருஷ்யாவின் இருபதுகளில் பார்க்கலாம்.

கோர்னேய் சுக்கோவ்ஸ்கி (1882–1969) முதலில் விமர்சகர். வால்ட் விட்மனை ருஷ்ய மொழியில் பெயர்த்தவர். ஒரு ரயில் பயணத்தில் நோயுற்ற மகனைச் சமாதானப்படுத்த, ரயிலின் தாளத்தோடு வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டே போனார். 1917இல் வெளியான 'முதலை' என்ற நெடும்பாட்டு அப்படித் தொடங்கியதுதான். பெத்ரோகிராத் தெருவில் சிகரெட் பிடித்தபடி உலாவும் முதலை போலீஸ்காரரை விழுங்கிவிடுகிறது. பாடம் எதுவும் இல்லை. குழந்தைகள் அதை மனப்பாடமாக ஒப்பித்தார்கள்.

1928 பிப்ரவரி 1ஆம் தேதி 'பிராவ்தா'வில் இதைத் தாக்கி எழுதியவர் க்ரூப்ஸ்காயா. லெனினின் மனைவி, கல்வித்துறையில் அதிகாரம் உள்ளவர். நாடெங்கும் நூலகம் பரவப் பாடுபட்டவரும் அவரே. வாசிப்பின் எதிரி அல்ல அவர். விஷயத்தின் சிக்கலே இங்குதான் இருக்கிறது. முதலை எப்படி வாழ்கிறது என்று இந்தப் பாட்டு சொல்லித்தரவில்லை, கவி நெக்ராஸவைக் கேலி செய்கிறது, நம் குழந்தைகளுக்கு இது ஆகாது என்பது அவர் தீர்ப்பு. அடுத்த மாதமே கார்க்கி அதே பத்திரிகையில் மறுத்தார். கொஞ்ச காலம் மூச்சுவிட முடிந்தது.

சுக்கோவ்ஸ்கியின் உண்மையான பதில் வேறிடத்தில் இருக்கிறது. அதே 1928இல் 'சின்னக் குழந்தைகள்' என்று வெளிவந்து, பிறகு 'இரண்டிலிருந்து ஐந்துவரை' என்ற பெயரில் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்த நூல் அது. அவருடைய மகள் 23ஆம் மாதத்தில் ஒருநாள் அவரிடம் வந்து, நாய் 'மியாவ்' என்று கத்துவதாக அறிவித்துவிட்டுச் சிரிக்கக் காத்து நின்றாளாம். நாய் எப்படிக் குரைக்கும் என்று ஐயமறத் தெரிந்த குழந்தைக்குத்தான் இந்த விளையாட்டு சாத்தியம். தலைகீழாக்கிப் பார்ப்பது அறியாமையல்ல, அறிவு தன்னைச் சோதித்துக்கொள்ளும் வழி என்று வாதிடுகிறார். என்னைக் கேட்டால், குழந்தை இலக்கியம் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ தத்துவங்களைவிட இந்த ஒரு நாய் மேல்.

1929இல் கிரிமியாவின் அலுப்காவில், நோயுற்ற குழந்தைகளுக்கு அவர் முன்ஷௌஸனின் புளுகுக் கதைகளை வாசித்துக் காட்டியதும் அந்நூலில் வருகிறது. வெயிலில் வாடிக் கிடந்தவை விழுந்து விழுந்து சிரித்தன. பொறுப்பாளரான ஒரு பெண் ஆத்திரத்தோடு வந்து புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் சுக்கோவ்ஸ்கி பணிந்தார். தம் பழைய கதைகளைத் துறப்பதாகவும், கூட்டுப்பண்ணை வாழ்க்கை பற்றிக் குழந்தைகளுக்குப் புதிய நூல் எழுதுவதாகவும் 'லிதரத்தூர்னயா கஸேத்தா'வில் கடிதம் வந்தது. அந்த நூலை அவர் எழுதவேயில்லை.

(எழுபதுகளில் நாம் சில ரூபாய்க்கு வாங்கிய வழவழப்பான மாஸ்கோ படப்புத்தகங்களின் பின்னால் இந்தச் சண்டை இருந்தது நமக்குத் தெரியாது. நம் நீதிக்கதைக்காரர்களும், கொள்கை எதுவானாலும், க்ரூப்ஸ்காயா கட்சிதான்.)

'முதலை' அவரையும் அவரைக் கண்டித்தவர்களையும் தாண்டி அச்சில் நின்றது. 1957இல் மாஸ்கோவை அடுத்த பெரிதெல்கினோவில், தம் வீட்டருகே, சொந்தப் பணத்தில் குழந்தைகளுக்கு ஒரு நூலகம் கட்டிக்கொடுத்தார். அங்கே கோடைகாலத்தில் அவர் குழந்தைகளைக் கூட்டி நடத்திய தீமூட்டு விழாவுக்கு நுழைவுக் கட்டணம், ஆளுக்குப் பத்துப் பைன் காய்கள்.