தமிழ்த்திரையில் வேடமும் முகமும்

சென்னை அடையாற்றிலிருந்து திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம் வழியாகக் கடலோரமாய்த் தெற்கே செல்லும் சாலையை அறிந்தோர்க்கு இரு செய்திகள் புதியன அல்ல. இச்சாலையோரத்து மாளிகைகளும் மணற்கரைகளும் நெடுங்காலமாகப் படப்பிடிப்புக்கு இடமளித்து வருகின்றன என்பது ஒன்று. மாற்றுத்திறனாளிகட்கு உழைக்கும் நிலையங்கள் பல இப்பகுதியிலேயே அமைந்துள்ளன என்பது மற்றொன்று. 1985-இல் தோன்றிய வித்யாசாகர் கோட்டூர்புரத்திலும், 1995-இல் தோன்றிய எபிலிட்டி பவுண்டேஷன் அடையாற்றிலும் உள்ளன. பல்வகைக் குறைபாடுடையோர்க்கென நடுவண் அரசு 2005-இல் அமைத்த தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் உள்ளது. இவற்றுக்கு நடுவே கிடக்கும் ஊர் கொட்டிவாக்கம். ஒரே சாலையில் அண்டை அயலாய் வாழும் திரைத்தொழிலும் இவ்விளைஞர் உலகமும் ஒன்றையொன்று எந்த அளவிற்கு அறிந்துகொண்டன? டவுன் நோய்க்குறியுடைய இளைஞரை முன்னிறுத்தி இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் பெயரைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். ‘டவுன்’ என்பது 1866-இல் இந்நிலையை விளக்கி எழுதிய ஆங்கில மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் என்பாரின் பெயர். ‘கீழ்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடு அதனை மயங்குவார் கற்றோருள்ளும் உளர். அவர் இம்முகவமைப்பை மங்கோலியர் முகத்தோடு ஒப்பிட்டார். அவ்வொப்பீட்டால் பிறந்த இழிபெயர் நூறாண்டுக்காலம் வழங்கிற்று. மங்கோலிய நாட்டினர் மறுப்புத் தெரிவித்தபின், 1965-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அதனைக் கைவிட்டது. இதற்கிடையே, 1959-இல், இருபத்தொன்றாம் குரோமோசோம் இரண்டாய் இராது மூன்றாய் இருத்தலே இந்நிலைக்குக் காரணம் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் ஜெரோம் லெஜூன் வெளியிட்டார்.

நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவன இரண்டே. இந்நிலை முகத்தில் தெரிவது. மறைத்தற்கும் அணிந்துகொள்ளற்கும் இயலாதது. இஃது ஒன்று. இந்நிலையுடையோர் வாழ்நாள் அண்மைக்காலத்தில்தான் நீண்டது என்பது மற்றொன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவர்கள் இறந்த வயதின் நடுவெண் 1983-இல் 25, 1997-இல் 49. இதய அறுவை மருத்துவம் வளர்ந்தமையும், விடுதிகளில் அடைத்து வைக்கும் வழக்கம் அருகியமையும் இம்மாற்றத்திற்குத் துணைசெய்தன. ஆதலின் ‘டவுன் நோய்க்குறியுடைய இளைஞர்’ என்னும் பொருள் கலைக்கும் புதியதே.

தமிழிலக்கியம் இத்தகையோரை அறியாதிருந்ததன்று. சோழன் நலங்கிள்ளியை நோக்கி உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 28-ஆம் பாட்டு, எண்பேர் எச்சத்தை எண்ணுமிடத்து ‘மருள்’ என அறிவு மயங்கிய பிறப்பையும் எண்ணுகின்றது. அப்பிறப்புக்களால் ஊதியமில்லை எனப் பண்டையோர் கூறியதாகவும் சொல்கின்றது. அக்கருத்தை இன்று ஒப்புவார் இலர். எனினும் அதன் மறுதலையாய் இக்காலத்தார் கைக்கொண்ட ‘தெய்வக்குழந்தை’ என்னும் வழக்கு அதனினும் நெடுந்தொலைவு விலகியதோ என ஐயுறுகின்றோம். ஊதியமற்றவன் எனினும் தெய்வம் எனினும், ஊரில் ஒருவனாய் உழைத்து, காதலித்து, முதிர்தற்கு அவனுக்கு இடமில்லை.

திரைக்கு வருவோம். லெஜூனின் கண்டுபிடிப்பு வெளிவந்த 1959-இலேயே ‘பாகப்பிரிவினை’யில் சிவாஜி கணேசன் கையை மடக்கிக்கொண்டு நடித்தார், உடற்குறையை வேடமாய் அணிதலில் பின்னையோர்க்கு அது முன்மாதிரியாயிற்று. ‘16 வயதினிலே’ (1977) தனித்துக் கருதத்தக்கது. ஊரார் சப்பாணி என்றழைக்கும் கள்ளமற்ற இளைஞனுக்குக் கோபாலகிருஷ்ணன் என்னும் பெயர் உண்டு என்பதனை மயில் நிலைநாட்டுகின்றாள். சப்பாணி என்பாரை அறையவும் சொல்கின்றாள். இறுதியில் அவன் சிறை செல்ல, அவள் அவனுக்காகக் காத்திருக்கின்றாள். பாரதிராஜா இங்கு ஒரு முழு ஆண்மகனையே படைத்தார் என்பதில் நமக்கு ஐயமில்லை. கே. விசுவநாத்தின் தெலுங்குப் படமாகிய ‘சுவாதி முத்யம்’, ‘சிப்பிக்குள் முத்து’ என 1986-இல் தமிழுக்கு வந்தது. அதன் சிவய்யாவும் கைம்பெண்ணை மணந்து பேரர்களைக் காணும்வரை வாழ்கின்றான். ஆயின், இருவரும் கமல்ஹாசனே. அம்மணத்திற்கும் அக்காத்திருப்புக்கும் அவையோர் மனமொப்பியது, வேடத்தின் கீழுள்ள அழகிய முகத்தை அவர்கள் ஒருகணமும் மறவாமையாலும் அன்றோ?

மணிரத்தினத்தின் ‘அஞ்சலி’ (1990) சென்னைக் குடியிருப்பொன்றில் நிகழ்வது. பிறந்தபோதே இறந்ததெனத் தாயிடம் சொல்லி மறைக்கப்பட்ட குழந்தை வீடு திரும்புகின்றது, அயலார் வெறுக்கின்றனர், பின்னர் அன்பு கொள்கின்றனர், அன்பு கொண்டபின் குழந்தை இறக்கின்றது. அக்குழந்தையாய் நடித்த ஷாமிலி தேசிய விருதைப் பகிர்ந்துகொண்டார். படத்தின் பரிவு மெய்யானது. அண்டை வீட்டாரின் கொடுமையை அது காட்டுமளவிற்கு அதற்குமுன் காட்டிய படம் அரிது. ஆயினும் அஞ்சலிக்கு இருபது வயது ஆகுமாயின் யாது நிகழும் என்னும் வினாவினின்று சாவு நம்மை விடுவித்து விடுகின்றது.

ஏ. எல். விஜயின் ‘தெய்வத்திருமகள்’ (2011) தந்தையான ஒருவனைப் பற்றியது. ஆறு வயதுக் குழந்தையின் அறிவுடைய கிருஷ்ணனாக விக்ரம் நடித்தார். 2001-இல் வந்த ‘ஐ ஆம் சாம்’ என்னும் அமெரிக்கப் படத்தோடு இதன் கதை பெரிதும் ஒக்கும். ஒவ்வாத இடங்களே நமக்குப் பயன்படுவன. அமெரிக்கப் படத்தில் நாயகனின் நண்பர்களுள் அறிவுவளர்ச்சிக் குறையுடைய இருவர் தாமே நடித்தனர். அதன் நாயகன் மகளின் வாழ்வில் தந்தையாகவே நீடிக்கின்றான். தமிழ்க் கிருஷ்ணனோ வழக்கில் வென்றபின்னும் மகளின் நலங்கருதி அவளைப் பாட்டனார் வீட்டிற்கே ஒப்படைக்கின்றான். காண்போர் கண் கலங்கினர். தந்தைமை பறிபோனதை எண்ணினாரில்லை.

ராமின் ‘பேரன்பு’ (2019) இவ்வரிசையில் மிகத் துணிந்தது. மூளை முடக்குவாதமுடைய பெண் பருவமெய்தலையும் அவள் உடலின் வேட்கையையும் தந்தை எதிர்கொள்ளும் நிலையைத் தமிழ்த்திரை இவ்வாறு முன்னர்ப் பேசியதில்லை. அப்படத்தில் திருநங்கைப் பாத்திரத்தைத் திருநங்கையான அஞ்சலி அமீர் ஏற்றார். மகளின் பாத்திரத்தையோ அக்குறையில்லாத சாதனா ஏற்றார். சாதனாவின் நடிப்பைக் குறைகூற நாம் வரவில்லை. ஒரு பாத்திரத்திற்கு உரியவரைத் தேடிய அதே படம் மற்றொன்றிற்கு வேடத்தை நாடியது என்பதைச் சுட்டுகின்றோம்.

நம் கருத்து இவ்விடத்தே விளங்கும். மேற்கூறிய பாத்திரங்கள் யாவும் நடிப்பால் அணிந்துகொள்ளத்தக்க குறைகளையே உடையன. டவுன் நோய்க்குறியை எந்தப் பெருநடிகரும் அணிய இயலாது. நடிகரை மையமாகக் கொண்டு எழுந்த கலை, அணியமுடியாத முகத்தை ஒதுக்கியது வியப்பன்று.

பிறநாடுகளில் சிறுமுதல் படங்கள் இத்தடையை நீக்கின. ஜாக்கோ வான் டோர்மெல் இயக்கிய ‘எட்டாம் நாள்’ என்னும் பிரெஞ்சுமொழிப் படத்திற்காக, டவுன் நோய்க்குறியுடைய பாஸ்கல் டியூக்கென் 1996-இல் கான் விழாவில் சிறந்த நடிகர் பரிசை டானியல் ஓத்தேயுடன் பகிர்ந்தார். எனினும் அப்படத்திலும் அவ்விளைஞன் இறுதியில் இறக்கின்றான். அஞ்சலியின் நிழல் அங்கும் படிந்துள்ளது. 2009-இல் வந்த ‘நானுந்தான்’ என்னும் ஸ்பானியப் படத்தில் நிலை மாறுகின்றது. பட்டம் பெற்று அலுவலகம் செல்லும் முப்பத்துநான்கு வயது நாயகன் உடன்பணிபுரியும் பெண்ணைக் காதலிக்கின்றான். அவனாய் நடித்த பாப்லோ பினேதா தாமும் பட்டதாரி. சான் செபஸ்தியான் விழாவில் சிறந்த நடிகர் பரிசு பெற்றார். 2019-இன் இத்தாலியப் படமாகிய ‘தாப்னே’யில் அங்காடியில் பணிபுரியும் பெண், தாய் இறந்தபின் தளர்ந்துபோன தந்தையைத் தானே தேற்றி நடத்திச் செல்கின்றாள். 1996-இல் இளைஞன் இறந்தான். 2019-இல் மகள் தாய்க்குப் பின்னும் வாழ்கின்றாள். வாழ்நாள் நீண்ட வரலாற்றைக் கதைப்போக்கே காட்டுதல் காண்க.

‘நமக்குப் பின் இப்பிள்ளைக்கு யார்?’ என்பதே தமிழ்ப் பெற்றோரின் தலையாய கவலை. அறிவுவளர்ச்சிக் குறையுடையோர் பதினெட்டு வயது கடந்தபின் அவர்க்குக் காப்பாளரை அமர்த்த வழிசெய்யும் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இல் பிறந்ததும் இக்கவலையினாலேயே. நம் படங்களுள் ‘பேரன்பு’ இதனை எதிர்கொண்டு, தந்தையும் மகளும் கடலில் இறங்கும் எல்லைவரை சென்று மீள்கின்றது. தாப்னேயைப் போல் பிள்ளையே தாங்குபவளாய் நிற்கும் கதை அதனினும் வேறானது.

அண்டை நிலத்தில் வழி திறந்துவிட்டது. ஜார்ஜ் கோராவும் சாம் சேவியரும் இயக்கிய மலையாளச் சிறுபடம் ‘திரிகே’ (2021), பிரிந்துபோன உடன்பிறந்தார் இருவரைப் பற்றியது. மூத்தவராய் நடித்த கோபிகிருஷ்ணன் வர்மா டவுன் நோய்க்குறியுடைய இளைஞர். கோபாலகிருஷ்ணன் என்னும் பெயருக்காகச் சப்பாணி போராடி நாற்பத்துநான்கு ஆண்டுகட்குப் பின் இப்பெயர் தலைப்பெயராயிற்று. பெயரொற்றுமை தற்செயலே, எனினும் சொல்லாது விட மனமில்லை. அவரே 2025-இல் ‘சிதாரே ஜமீன் பர்’ என்னும் இந்திப் படத்தில் கூடைப்பந்துக் குழுவினர் பதின்மருள் ஒருவரானார். ஸ்பானியப் படமாகிய ‘கம்பியோனெஸ்’ஸின் (2018) தழுவலாகிய அதனை இயக்கியவர் ஆர். எஸ். பிரசன்னா, 2013-இல் தமிழில் ‘கல்யாண சமையல் சாதம்’ எடுத்தவர். இவ்விளைஞரை இயக்கத் தெரிந்த கை தமிழ்த்திரையில் பழகிய கையே. அப்படம் பெருமுதல் படம். அமீர்கானின் பெயரே அதனை அரங்குக்குக் கொணர்ந்தது என்பதையும் மறத்தற்கில்லை.

அடையாற்று எபிலிட்டி பவுண்டேஷன் 2005 முதல் சென்னையில் மாற்றுத்திறனாளிகள் பற்றிய பன்னாட்டுத் திரைப்பட விழாவை நடத்தியது. பிறநாட்டுச் சிறுபடங்கள் இந்நகரத்தார் கண்முன் வந்த வாயில்களுள் அது குறிப்பிடத்தக்கது. தமிழ்த்திரை வரலாறு எழுதுவோர் நட்சத்திரப் படங்களின் பாட்டுப் புத்தகங்களையும் விளம்பரத் தாள்களையும் பேணித் தொகுத்ததுபோல், இவ்விழாவின் நிகழ்ச்சி ஏடுகளையும் தொகுத்தல் வேண்டும். முதுகலை மாணவர் ஒருவர் அப்பணியைத் தொடங்குவாராயின், கொட்டிவாக்கத்திலிருந்து அடையாறு செல்லும் ஒருநாட் பயணமே அதற்கு முதற்படியாகும்.