ஒரு சுரப்பின் வரலாறும் நமது கூச்சமும்

1820ஆம் ஆண்டு ஜோன் ஸ்கடர் என்னும் அமெரிக்க மருத்துவர் பண்டத்தரிப்பிலே தமது பணியைத் தொடங்கினார். அமெரிக்க மிஷன் கடல் கடந்து அனுப்பிய முதல் மருத்துவ ஊழியர் அவரே. மதம் பரப்புவதே அவரை அனுப்பியோரின் முதல் நோக்கம் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும், மேனாட்டு மருத்துவம் நமது கிராமத்து ஏழையின் வாசலுக்கு வந்ததும் அவ்வழியாகவே.

1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் இன்னும் ஓரடி முன்வைத்தார். மருத்துவ அறிவு மக்களின் மொழியில் நிற்கவேண்டும் என்று துணிந்து, மானிப்பாயில் மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்கள் தமிழில் அச்சேறின.

கிறீன் மானிப்பாயில் நோயாளரைப் பார்த்துவந்த அதே காலத்தில், 1849இல், ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்ட் என்பவர் சேவல்களை ஆராய்ந்தார். விதை நீக்கப்பட்ட இளஞ்சேவலின் கொண்டை சிறுத்தது. கூவலும் சண்டையும் ஒழிந்தன. விதையை வயிற்றுக்குள் வேறோரிடத்திற் பதித்தபோது அவை மீண்டன. நரம்புத் தொடர்பு அறுந்த பின்னரும் இவ்வாறு நிகழ்ந்தமையால், ஏதோவொரு பொருள் குருதியிற் கலந்து உடலெங்கும் செல்கிறது என்று அவர் கண்டார். அப்பொருளைப் பிரித்தெடுக்க மேலும் 86 ஆண்டுகள் சென்றன. 1935இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர் ஏறத்தாழ 100 கிலோ காளை விதைகளிலிருந்து 10 மில்லிகிராம் அளவே பெற்று, அதற்கு டெஸ்டோஸ்டெரோன் என்று பெயரிட்டனர். அவ்வாண்டிலேயே அது ஆய்வுகூடத்தில் செயற்கையாகவும் ஆக்கப்பட்டது.

1956இல் சூரிச் மருத்துவர்களான பிராடர், லாப்ஹார்ட், வில்லி ஆகிய மூவர் ஓர் அரிய நோயை விவரித்தனர். குழந்தைப் பருவத்தில் தசை தளர்ந்திருக்கும், பின்னர் அடங்காப் பசி தோன்றும், உயரம் குன்றும், பருவ வளர்ச்சி நிறைவெய்தாது. தந்தைவழி வரும் 15ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதி செயற்படாமையே காரணம் என்பது 1980களில் தெளிவாயிற்று. இது தாய் தந்தையர் செய்த பாவமன்று, முன்வினையுமன்று.

இந்நோயுள்ள ஆண் வளர்ந்த பின்னரும் அவரது உடலில் அந்த ஓமோன் குறைவாகவே சுரக்கும். மூளையிலிருந்து வரும் ஏவலும் குறையலாம். விதைகளே பழுதுபட்டிருக்கவும் கூடும். அக்குறை மீசை தாடியோடு நிற்பதில்லை. தசை மெலிகிறது, என்பு அடர்த்தி இழந்து எளிதில் முறிகிறது. காலையிற் குருதியைச் சோதித்துக் குறையை உறுதிசெய்து, ஊசியாகவோ தோலிற் பூசும் களியாகவோ சிறிய அளவில் ஓமோனைத் தொடங்கி மெல்லமெல்ல உயர்த்துவதே இன்றைய முறை. செங்குருதிக் கலங்கள் மிகுகின்றனவா என்பதையும் என்பின் நிலையையும் காலந்தோறும் பார்க்கவேண்டும். ஓமோன் கோபத்தை மூட்டும் என்னும் அச்சத்தால் இவர்களுக்கு மருந்து மறுக்கப்படுவதும் உண்டு. அளவறிந்து தொடங்கி நடத்தையைக் கவனித்து வருவதே அந்த அச்சத்துக்கு விடை. இம்மருந்து பசியைத் தணிக்காது, பிள்ளைப்பேற்றையும் தராது. இவ்வுண்மையை நோயாளருக்கு விளங்கும் சொற்களிற் சொல்லி, அவரது விருப்பத்தையும் கேட்டறிதல் மருத்துவரின் கடமை.

ஆனால் எந்தச் சொற்களிற் சொல்வது? 1873இல் கிறீன் தாயகம் திரும்பியபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. அறிவியல் விலகிய இடம் வெறுமையாகக் கிடக்கவில்லை. ‘ஆண்மைக்குறைவு’ என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு லேகிய விளம்பரக்காரர் அங்கே கடை விரித்தனர். மீசை அரும்பாத முப்பது வயதினனைச் சந்தியில் நிற்போர் நகைத்தனர். குடும்பம் அவனை வீட்டுக்குள் மறைத்தது. மறைக்கப்பட்டவனின் என்பு முறியும்வரை எவரும் அவனை மருத்துவரிடம் கூட்டிச்செல்வதில்லை.

சேவலின் கொண்டையைப் பற்றி வகுப்பறையிற் கூசாது பேசும் ஆசிரியர்களாகிய நாம், மனிதனின் சுரப்பிகள் பற்றிய பாடம் வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். “வீட்டிலே படித்துக்கொள்ளுங்கள்” என்று நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைப் படிக்காத மாணவனே நாளை சந்தியில் நின்று நகைப்பவன். அல்லது நகைப்புக்கு அஞ்சித் தன் தம்பியை மறைப்பவன். பண்டத்தரிப்பிலே திறந்த கதவை இனி வெளிநாட்டார் வந்து திறக்க வேண்டியதில்லை. அடுத்த பாடவேளையில் அந்தப் பக்கத்தை நாம் தமிழிலே வாய்விட்டு வாசித்தாற் போதும்.