ஜரிகையைச் சுரண்டிப் பார்: பட்ஜெட் கிராபிக்ஸ் கார்டின் 25 வருஷக் கதை

போன மாசம் காஞ்சிபுரத்துல இருந்து சித்தப்பா பையன் போன் பண்ணான். பிள்ளையார்பாளையத்துல வீடு. சித்தப்பா பட்டு நெசவு. தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான், லீவு நாள்ல ஒரு புடவைக் கடையில வேலை. அப்படி ரெண்டு வருஷமா சேர்த்த காசுல ஒரு கேமிங் பிசி அசெம்பிள் பண்றான். எல்லா பார்ட்ஸும் முடிவாகி, கிராபிக்ஸ் கார்டு மட்டும் பாக்கி.

"அண்ணா, ரெண்டுமே ஆர்டிஎக்ஸ் 3050தான். ஒண்ணு 8 ஜிபி, ஒண்ணு 6 ஜிபி. 6 ஜிபி விலை கம்மி. 2 ஜிபி மெமரிதானே குறையுது, அதையே வாங்கிடவா?"

நான் பதில் சொல்றதுக்குள்ள, தறியில இருந்த சித்தப்பா குரல் ஸ்பீக்கர்ல கேட்டுச்சு: "பேரு ஒண்ணுன்னா சரக்கும் ஒண்ணாயிடுமாடா? ஜரிகையைச் சுரண்டிப் பாக்காம யாராச்சும் புடவை எடுப்பாங்களா?"

இன்னைக்கு எபிசோடே அந்தக் கேள்விதான்.

ஜரிகை பத்தித் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். காஞ்சிபுரம் பட்டின் அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூல் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. வெள்ளிக்குப் பதிலாகச் செம்பு போட்டுச் செய்யும் விலை குறைந்த வகைக்கு 'டெஸ்டட் ஜரிகை' என்று பெயர். கடை வெளிச்சத்தில் ரெண்டும் ஒரே மாதிரிதான் மின்னும். அதனால்தான் சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்புத் தெரிந்தால் முதல் நம்பிக்கை. உறுதியாகத் தெரியணும்னா வெள்ளியும் தங்கமும் எவ்வளவு இருக்குன்னு மெஷினில் வைத்துப் பார்க்கணும். டெஸ்டட் ஜரிகை விற்பது தப்பு கிடையாது. அதை அசல் பெயரில் விற்பதுதான் தப்பு.

இப்போ கிராபிக்ஸ் கார்டுக்கு வருவோம். 1999ல் என்விடியா 'ஜிபோர்ஸ் 256' கார்டை, உலகின் முதல் ஜிபியு என்று விளம்பரம் செய்து வெளியிட்டது. 2001ல் வந்த ஜிபோர்ஸ் 3ல் ஷேடர் வசதி வந்தது. தண்ணீர் பளபளப்பு, நிழல், தோலின் நிறம் எல்லாவற்றையும் கேம் எழுதுபவரே புரோகிராம் செய்யலாம். அடுத்து 2002ல் 'ஜிபோர்ஸ் 4 எம்எக்ஸ்' என்று ஒரு பட்ஜெட் கார்டு வந்தது. 4 என்றால் 3ஐ விடப் புதுசு என்றுதானே நினைப்போம்? உள்ளே இருந்தது ஜிபோர்ஸ் 2 காலத்து வடிவமைப்பு. பிக்சல் ஷேடரே கிடையாது. ஷேடர் கட்டாயம் என்று கேம்கள் வர ஆரம்பித்தபோது, '3' வைத்திருந்தவர் விளையாடினார். '4 எம்எக்ஸ்' வாங்கியவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது ஒரே ஒரு தடவை நடந்த கதையா? இல்லை. 2016ல் வந்த ஜிடிஎக்ஸ் 1060ஐ எடுத்துக்கோங்க. 6 ஜிபி, 3 ஜிபி என்று ரெண்டு வகை. மெமரி மட்டும்தான் வித்தியாசம் என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் 6 ஜிபி கார்டில் 1280 கோர்கள். 3 ஜிபி கார்டில் 1152. அடுத்து ஜிடி 1030. 2017ல் வந்த வகையில் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி. 2018ல் சாதாரண டிடிஆர்4 மெமரி போட்டு, அதே பெயரில் இன்னொன்று வந்தது. வேகம் நொடிக்கு சுமார் 17 ஜிபி. கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு!

என்விடியாவை மட்டும் குறை சொல்லக் கூடாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 560, 2017ல் 1024 கோர்களோடு வந்தது. அதே வருஷம், அதே பெயரில் 896 கோர் கார்டுகளும் கடைக்கு வந்தன.

ஏன் பட்ஜெட் கார்டில் மட்டும் இது அதிகம்? ஒரு காரணம் தொழிற்சாலையிலேயே இருக்கு. சிப் தயாரிக்கும்போது எல்லாமே முழுசாகத் தேறாது. சில கோர்கள் பழுதான சிப்பைத் தூக்கிப் போடாமல், அந்தப் பகுதியை அணைத்துவிட்டுக் குறைந்த விலைக்கு விற்பார்கள். நியாயமான வியாபாரம்தான், வேறு பெயர் வைத்தால். ஆனால் நல்ல விமர்சனம் வாங்கின பெயரை விட யாருக்கு மனசு வரும்? லட்ச ரூபாய் கார்டு வாங்குபவர் பத்து ரிவியூ பார்த்துட்டுத்தான் வருவார். ரெண்டு வருஷம் காசு சேர்த்தவன் பெரும்பாலும் டப்பா மேல் இருக்கும் பெயரைத்தான் நம்பி வருவான்.

தம்பி கேட்ட 3050ஐச் சுரண்டிப் பார்ப்போம். 2022ல் வந்த 8 ஜிபி கார்டில் 2560 கோர்கள், மெமரி பாதை 128 பிட். 2024ல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர்கள், 96 பிட். குறைந்தது 2 ஜிபி மட்டும் இல்லை. மெமரி போய்வரும் பாதையிலேயே கால்வாசி போச்சு. ஆனால் அதுக்கும் ஒரு இடம் உண்டு. அதன் மின்தேவை 70 வாட்தான். தனி பவர் கேபிள் இல்லாத பழைய ஆபீஸ் பிசியில் போட அது நல்ல கார்டு. தம்பி கட்டுவது புது பிசி, பவர் சப்ளையும் புதுசு. அவனுக்கு அந்தச் சலுகையால் லாபம் இல்லை.

கடைசியில் அவன் பட்ஜெட்டுக்குள் வந்தது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600. 2021 மாடல்தான். 8 ஜிபி, 128 பிட், 132 வாட். சாதாரண கேம்களில் ரெண்டு 3050ஐயும் விட வேகம். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் வசதி இதில் கிடையாது, அதையும் சொல்லித்தான் வாங்க வைத்தேன்.

நீங்க வாங்கும்போது டப்பாவில் பெயரைப் படிச்சதும் நிறுத்தாதீங்க. கோர் எத்தனை, மெமரி எவ்வளவு, அது என்ன வகை, பாதை எத்தனை பிட், பவர் கேபிள் வேணுமா என்று பாருங்க. அதுதான் சுரண்டல். அப்புறம் நீங்க விளையாடும் கேமிலேயே அதே வகை கார்டை ஓட்டிப் பார்த்த டெஸ்ட் வீடியோ ஒண்ணு பாருங்க. அதுதான் மெஷின் சோதனை.

கார்டு வந்த அன்னைக்கு சித்தப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "இவ்வளவு பொடி எழுத்துல போட்டிருக்கானே, இதைத்தான் முதல்ல படிக்கணும்"னு சொன்னாராம்.

நீங்க பெயரை நம்பி ஏமாந்த கார்டு எது? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.