பாவித்த நெற்வேர்க் சுவிச் வாங்கும்போது: எமது சிறு வணிகர்களுக்குச் சில குறிப்புகள்

சிட்னியின் மேற்கே, பெண்டில் ஹில் பக்கத்தில், எமது வாடிக்கையாளர் ஒருவரின் பலசரக்குக் கடை. ஒரு சனிக்கிழமை காலை அங்கே காட் மெஷின் நின்றுபோனது. மீனும் மரக்கறியும் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களில் பலரிடம் காசு இல்லை. பொருளை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கடைக்காரர் இணைய நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து இரண்டு மணி நேரம் காத்திருந்தார். இணையத்தில் எந்தக் குறையும் இல்லை. மேசைக்குக் கீழே கூட்டித் துடைத்தவர், தொங்கிக்கொண்டிருந்த வயரின் மறு முனையையும் நல்லெண்ணத்தோடு அதே சிறிய சுவிச்சில் செருகிவிட்டார். ஒரே வயரின் இரண்டு முனைகளும் ஒரே பெட்டியில் இருந்ததால் தரவுகள் வட்டமாகச் சுற்றிச் சுற்றி எல்லாவற்றையும் அடைத்துவிட்டன.

அந்தக் கடையில் இருந்தது சாதாரண சுவிச். வயரைச் செருகினால் வேலை செய்யும், வேறொன்றும் தெரியாது. 'மனேஜ்ட்' சுவிச் என்பது நாம் சொல்வதைக் கேட்கக்கூடியது. இப்படி வட்டமாக ஒரு இணைப்பு வந்தால், சரியாக அமைத்திருந்தால், அந்த ஒரு போர்ட்டை மட்டும் மூடிவிட்டு மற்றவற்றை ஓடவிடும். ஒரே பெட்டியைப் பல தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கவும் அதனால் முடியும். இதை வீ-லான் என்பார்கள். காட் மெஷினும் காசுப் பதிவுக் கணினியும் ஒரு பிரிவில், கமராக்கள் இன்னொன்றில், வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் இலவச வைஃபை மூன்றாவதில் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் இருப்பவர் மற்றதை எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் இதற்கு ரவுட்டரும் ஒத்துழைக்க வேண்டும். இணைய நிறுவனம் இலவசமாகத் தரும் ரவுட்டர்கள் பலவற்றுக்கு வீ-லான் தெரியாது. சுவிச்சை வாங்கிய பிறகு இதை அறிந்து தலையில் கை வைத்தவர்கள் உண்டு. முதலில் ரவுட்டரின் மொடல் எண்ணைப் பாருங்கள்.

மூன்று நான்கு வயர் மட்டும் உள்ள சிறிய கடைக்கு இதெல்லாம் தேவையில்லை. சில பத்து டொலருக்குப் புதிய சாதாரண சுவிச் ஒன்றை வாங்கிவிட்டு இந்தக் கட்டுரையை இத்துடன் விடலாம். கமராக்கள், இரண்டு வைஃபை கருவிகள், ஒன்றுக்கு மேற்பட்ட காட் மெஷின், பின்னறையில் கணக்குக் கணினி என்று வந்துவிட்டால் மேலே படியுங்கள்.

நாம் படித்தது வணிகம், கணினி அல்ல. எமது அலுவலகத்துக்கு முதன்முதலில் இப்படியொரு சுவிச் வாங்கியபோது விலையை மட்டும்தான் பார்த்தோம். ஒரு தனிநபர் 60 டொலருக்கு ஷொப்பிங் பையில் போட்டுத் தந்தார். எமக்கு உதவ வந்த தம்பி அதைக் கணினியில் தொடுத்தபோது பழைய உரிமையாளரின் அமைப்புகள் அழிக்கப்படாமல் அப்படியே இருந்தன. எந்தப் போர்ட் யாருடைய அறைக்குப் போனது, எந்தக் கருவிக்கு என்ன முகவரி, கடவுச்சொற்கள் எல்லாமே. அது ஒரு மருத்துவ நிலையம். வாடிக்கையாளர் கோப்புகள் சுவிச்சுக்குள் தங்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கோப்புகள் இருக்கும் அறைக்கு வழிகாட்டும் வரைபடம் அதற்குள் இருந்தது. எமது அலமாரியில் உள்ளவற்றை அன்று நினைத்துப் பார்த்தோம். யார் எந்த விசாவில் இருக்கிறார், யார் ஊரில் எந்த விலாசத்துக்கு மாதாமாதம் எவ்வளவு அனுப்புகிறார் என்பதெல்லாம் எம்மிடம் நம்பித் தந்த விபரங்கள். எமது மக்களுக்கு ஒரு பெயர்ப்பட்டியல் வெளியே போவது என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. எம்முடையது ஒரு தனிச் சம்பவமும் அல்ல. 2023இல் ஈசெற் என்ற பாதுகாப்பு நிறுவனம் பாவித்த ரவுட்டர்களை வாங்கிச் சோதித்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் பழைய நிறுவனங்களின் விபரங்கள் அழியாமல் இருந்தன.

ஆகவே வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, கடவுச்சொல்லைப் புதிதாக வைப்பது. சிஸ்கோ என்றால் 'ஸ்மார்ட் இன்ஸ்ரோல்' என்ற வசதியையும் நிறுத்திவிடச் சொல்லுங்கள். அதில் 2018இல் பெரிய ஓட்டை ஒன்று வெளியானது. பழைய சுவிச்சுகளில் இன்றும் அது திறந்தே கிடக்கும்.

இனி எதை வாங்குவது என்று பார்ப்போம். பாவித்த சந்தையில் அதிகம் கிடைப்பவற்றில் ஒன்று சிஸ்கோ கற்றலிஸ்ற் 2960-எக்ஸ். அதன் விற்பனையை 2022 ஒக்ரோபர் 31இல் நிறுத்தினார்கள். ஆதரவு 2027 ஒக்ரோபர் 31இல் முடிகிறது. அதன்பின் ஓட்டை கண்டுபிடித்தாலும் அடைக்க ஆள் இல்லை. பெறுமானத்தேய்வு கணக்கிடும் எமது பாசையில் சொன்னால், பெட்டி இரும்பாக இன்னும் பத்து வருடம் உழைக்கும், ஆனால் அதன் பயன்தரு காலம் அந்தத் திகதியோடு முடிகிறது. எந்த மொடலானாலும் இந்தத் திகதியைத் தேடிப் பார்த்துவிட்டே விலை பேசுங்கள். புதிய மென்பொருள் இலவசமா, ஒப்பந்தம் வேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

மிக மலிவாகக் கிடைக்கும் மெறாக்கி சுவிச்சுகளில் ஒரு பொறி உண்டு. அவை கிளவுட் வழியாக, உரிமக் கட்டணம் கட்டி இயக்குபவை. பழைய உரிமையாளர் தனது கணக்கிலிருந்து விடுவிக்காவிட்டால் உங்கள் கணக்கில் சேர்க்கவே முடியாது. சேர்த்தாலும் உரிமம் வாங்க வேண்டும். பெட்டி 80 டொலர் என்று மகிழ்ந்தவர் பின்னர் அதைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்ததை மெல்பேர்ணில் கண்டோம்.

கமராவுக்கும் வைஃபைக்கும் வயரிலேயே மின்சாரம் அனுப்புவது பீ.ஓ.ஈ. இது எல்லாச் சுவிச்சிலும் இல்லை. 2960-எக்ஸில் மொடல் எண்ணின் கடைசிப் பகுதியில் 24க்கோ 48க்கோ பின்னால் 'பி' வந்தால் உண்டு, 'ரி' வந்தால் இல்லை. ஒரே தோற்றம், ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். இருந்தாலும் மொத்த வலுவைக் கூட்டிப் பாருங்கள். எட்டுக் கமரா தலா 8 வாற் என்றால் 64. வைஃபை கருவி இரண்டு தலா 15 என்றால் 30. மேசைத் தொலைபேசி நான்கு தலா 5 என்றால் 20. மொத்தம் 114 வாற். மொத்த வலு 60 வாற் மட்டும் உள்ள எட்டுப் போர்ட் சுவிச் இதைத் தாங்காது. கமராக்களை மட்டும் போட்டால் பகலில் சமாளிக்கும். இரவில் கமராக்களின் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது ஒவ்வொன்றாக அணையும். கள்ளன் வருவதும் இரவில்தானே.

24 போர்ட் பீ.ஓ.ஈ சுவிச்சில் பெரும்பாலும் விசிறி இருக்கும். அது இரைச்சல் போடும், தூசியை உள்ளே இழுக்கும். மிளகாய்த்தூள் நிறுக்கும் மேசைக்குக் கீழ் வைக்காதீர்கள். மின் கட்டணத்தையும் மறக்க வேண்டாம். தொடர்ந்து 50 வாற் இழுக்கும் பெட்டி ஆண்டுக்கு 438 கிலோவாற் மணி எடுக்கும். அலகு 30 சதம் என்று வைத்தால் 131 டொலர். தேவைக்கு மேல் பெரிய சுவிச் மலிவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

போலிகளும் உண்டு. 2019இல் ஒரு நிறுவனத்தின் 2960-எக்ஸ் சுவிச்சுகள் சில, மென்பொருளைப் புதுப்பித்ததும் செயலிழந்தன. பின்லாந்தின் எப்-செக்கியூர் நிறுவனம் அவற்றைத் திறந்து ஆராய்ந்து, அவை போலிகள் என்று 2020 யூலையில் அறிக்கை வெளியிட்டது. புதுப்பிக்கும்வரை அசலைப் போலவே ஓடியிருக்கின்றன. அமெரிக்காவின் புளோரிடாவில் போலிச் சிஸ்கோ கருவிகளை விற்ற ஒருவருக்கு 2024 மே மாதம் 6 ஆண்டு 6 மாதச் சிறை விதிக்கப்பட்டது. அவர் விற்றவை வைத்தியசாலைகளுக்கும் படையினருக்கும்கூடப் போயிருந்தன. வாங்குமுன் தொடர் இலக்கத்தைப் படமாகக் கேளுங்கள். இயக்கிய பின் திரையில் காட்டும் இலக்கமும் பெட்டியில் ஒட்டியிருக்கும் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

யாரிடம் வாங்குவது என்பதுதான் எம்மைப் பொறுத்தவரை பெரிய கேள்வி. ஜி.எஸ்.ரி பதிவுள்ள வியாபாரி 330 டொலர் கேட்கிறார், தனிநபர் ஒருவர் 250க்குத் தருகிறார் என்று வைப்போம். நீங்களும் ஜி.எஸ்.ரியில் பதிந்திருந்தால் 330இல் 30 டொலர் திரும்ப வரும். உண்மை வித்தியாசம் 50 டொலர்தான். 82.50 டொலருக்கு மேற்பட்ட கொள்வனவுக்கு, விற்பவரின் ஏ.பி.என் உள்ள முறையான வரி விலைச்சிட்டை இல்லாமல் அந்தக் கழிவைக் கேட்க முடியாது.

அந்த 50 டொலருக்கு வேறொன்றும் கிடைக்கிறது. அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் உத்தரவாதங்கள் 2021 யூலை 1 முதல் 100,000 டொலர் வரையான பொருள்களுக்கு உண்டு. மறுவிற்பனைக்காக வாங்காதவரை உங்கள் வணிகத்துக்கும் அவை பொருந்தும். பாவித்த பொருளென்றால் வயதையும் விலையையும் கருத்தில் எடுப்பார்கள், ஆனால் உத்தரவாதம் அடியோடு இல்லாமல் போகாது. 'பணம் திருப்பித் தரப்படாது' என்று கடையில் எழுதி ஒட்டினாலும் அது சட்டத்தை வெல்லாது. தனிநபரிடம் வாங்கினால் தரம் பற்றிய இந்தப் பாதுகாப்புக் கிடைக்காது. ஆண்டு வருமானம் ஒரு கோடி டொலருக்குக் குறைந்த வணிகங்கள் 2023-24, 2024-25 நிதியாண்டுகளில் 20,000 டொலருக்குக் குறைந்த சொத்தின் முழு விலையையும் அதே ஆண்டில் கழிக்க முடிந்தது. பாவித்த பொருளும் இதில் அடங்கும். உச்சவரம்பு மாறக்கூடியது என்பதால் வாங்கும் ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவிச்சுக்கு வெளியே தெரியும் வயரை நீங்களே செருகலாம். சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் வயர் இழுப்பது பதிவுபெற்ற கேபிள் தொழிலாளியின் வேலை, சட்டமும் அதுதான். சொந்தக்காரப் பொடியன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் விடாதீர்கள். வேலை முடிந்ததும் ரி.சி.ஏ 1 என்ற படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய சுவிச்சைக் கழிக்கும்போது அதன் அமைப்புகளை அழித்துவிட்டே கொடுங்கள். விக்ரோறியாவில் 2019 யூலை 1 முதல் மின்னணுக் கழிவைக் குப்பைத் தொட்டியில் போட முடியாது, நகரசபையின் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். புதிய சுவிச்சின் விலைச்சிட்டையை 5 ஆண்டு வைத்திருங்கள். பெரும்பாலும் அது வெப்பத் தாளில் அடித்திருக்கும், ஒரு கோடையிலேயே வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.