வெர்வூர்ட் வகுத்த கல்வி

அபார்தைட் எனப்படும் இன ஒதுக்கல் கொள்கை, தென்னாப்பிரிக்காவின் 1948 தேர்தலில் தேசியக் கட்சி வென்றபோது பெரும்பாலும் ஒரு முழக்கமாகவே இருந்தது. சட்டங்களும் துறைகளும் கொண்ட முழுமையான ஆட்சிமுறையாக அதைக் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர் ஹென்ட்ரிக் வெர்வூர்ட். 1901-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் தென்னாப்பிரிக்காவில் குடியேறிய அவர், ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் உளவியலும் சமூகவியலும் கற்பித்த பேராசிரியராகவும், பின்னர் நாளிதழ் ஆசிரியராகவும் இருந்து, 1950-ல் கறுப்பின மக்களின் விவகாரங்களுக்கான அமைச்சரானார்.

படிப்பால் உயர்ந்த அந்த மனிதரே பிறர் படிப்புக்கு எல்லை வகுத்தார் என்பதுதான் இவ்வரலாற்றில் மிகவும் வேதனைக்குரியது. ஆப்பிரிக்க மொழிக் குடும்பமொன்றின் பெயரான 'பாண்டு' என்பதைக் கறுப்பின மக்கள் அனைவர்மீதும் முத்திரையாகக் குத்திய அரசு, 1953-ல் பாண்டு கல்விச் சட்டத்தை நிறைவேற்றி, அதுவரை பெரும்பாலும் கிறித்தவ மிஷன்கள் நடத்திவந்த பள்ளிகளை வெர்வூர்டின் துறைக்குக் கீழ்ப்படுத்தியது. அரசு மானியத்தை இழந்த மிஷன்கள் பள்ளிகளை ஒப்படைக்கவோ மூடவோ நேர்ந்தது. வெள்ளையர் சமூகத்தில் சிலவகை உழைப்புக்கு மேற்பட்ட இடம் கறுப்பினத்தவருக்கு இல்லை என்பதால், எட்டாத வாழ்வின்மீது அவர்களுக்கு ஆசையூட்டும் கல்வி தேவையில்லை என்று 1954-ல் செனட் சபையில் அவர் வெளிப்படையாகவே வாதிட்டார். பொது வருவாயிலிருந்து இக்கல்விக்கு ஆண்டுக்கு 65 லட்சம் பவுண்டு என்று வரம்பு கட்டப்பட்டு, மிகுதிச் செலவு கறுப்பின மக்களின் வரியின்மீதே சுமத்தப்பட்டதால், மாணவர் பெருகப் பெருக ஒவ்வொரு குழந்தைக்கும் கிடைத்த பங்கு சுருங்கியது.

1958-ல் வெர்வூர்ட் பிரதமரான பின், பல்கலைக்கழகங்களும் இனவாரியாகப் பிரிக்கப்பட்டன. டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் 1961-ல் இந்தியர்களுக்கெனத் தனிக் கல்லூரி திறக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்களுக்கும் அரசு ஒதுக்கிய இடம் அதுவே. கறுப்பின மக்களுக்குத் 'தாயகங்கள்' என்ற பெயரில் தனி நிலப்பகுதிகளை வகுத்ததும், 1960-ல் ஷார்ப்வில்லில் நடமாட்ட அனுமதிச் சீட்டை எதிர்த்துத் திரண்டவர்களில் 69 பேரைக் காவல்துறை சுட்டுக்கொன்றதும், 1961-ல் நாடு காமன்வெல்த்தை விட்டு விலகியதும் அவர் ஆட்சிக்காலத்தில்தான்.

1966-ல் நாடாளுமன்றத்திலேயே அவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அவர் உருவாக்கிய கல்விமுறை அதன் பின்னும் தொடர்ந்தது. பாதிப் பாடங்களை ஆப்பிரிக்கான்ஸ் மொழியில், அதாவது டச்சு மொழியிலிருந்து கிளைத்த ஆட்சியாளர் மொழியில், கற்பிக்க வேண்டுமென்ற ஆணையை எதிர்த்து 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோ என்ற கறுப்பினக் குடியிருப்பின் வீதிகளில் ஊர்வலம் வந்து துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளான மாணவர்களில் பெரும்பாலோர், பாண்டு கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு பிறந்தவர்கள்.