ஒரு சொல்லும் ஒரு தீவும்: பத்து பூத்தே வழக்கில் சொல்லாட்சி

பன்னாட்டுப் பேச்சுவார்த்தைகளில் பொருளுக்கு நிகராகச் சொல்லும் எடைபோடப்படுகின்றது. ஜொகூர் வரலாற்றில் இதற்குத் தக்க சான்றாகப் பத்து பூத்தே வழக்கினைக் காண்கிறோம்.

ஜொகூர்க் கரையிலிருந்து 7.7 கடல்மைல் தொலைவிலுள்ள இப்பாறைத் தீவில் 1851ஆம் ஆண்டு ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் கட்டிமுடிக்கப்பட்டது. தீவின் நிலைகுறித்துச் சிங்கப்பூர்க் காலனித்துவ அரசு 1953ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வினவியது. அத்தீவின் உடைமையை ஜொகூர் கோரவில்லை என மாநிலத்தின் தற்காலிகச் செயலாளர் செப்டம்பர் 21ஆம் நாள் சுருக்கமாக விடையளித்தார். 1979இல் மலேசியா வெளியிட்ட நிலப்படத்தைச் சிங்கப்பூர் 1980இல் மறுத்தது, பூசல் வெளிப்பட்டது.

வழக்கினை அனைத்துலக நீதிமன்றத்திற்குக் கொண்டுசெல்லும் உடன்பாடு 2003 பிப்ரவரி 6இல் புத்ராஜெயாவில் கையொப்பமாயிற்று. ஒரு பெயரை மட்டும் எழுதுவது ஒரு தரப்பின் உரிமையை ஏற்பதாகத் தோன்றக்கூடும். ஆதலின் ‘பெட்ரா பிராங்கா’, ‘புலாவ் பத்து பூத்தே’ எனும் இரு பெயர்களும் சாய்கோட்டால் இணைக்கப்பெற்றன. இரண்டும் வெண்பாறையையே குறிப்பன என்பது நோக்கத்தக்கது.

1953ஆம் ஆண்டுக் கடிதம் சுட்டியது உடைமையே, இறைமை அன்று என மலேசியா வாதிட்டது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தொடக்கத்தில் தீவு ஜொகூருக்கே உரியது எனக் கண்டபோதிலும், 2008 மே 23இல் 12க்கு 4 என்ற வாக்குகளில் தீவினைச் சிங்கப்பூருக்கு உரியதாக்கிற்று. நடுப்பாறைகள் மலேசியாவுக்கு உரியவாயின.

உடைமை, இறைமை ஆகிய இரண்டையும் ‘உரிமை’ என ஒரே சொல்லால் தமிழாக்கினால் இவ்வழக்கின் மையமே மறைந்துவிடும். கலைச்சொல் கற்பிப்போர் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும் என்பது நம் கருத்து.